தயக்கத்தோடுதான் அந்தக் கதிரைக்குப் போனார்

காலமை ஆறரைக்கு பியோர்ண்டாலில் பஸ் எடுக்கிற எங்கட பெண்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்கோ. ஒருவர் ஆஸ்பத்திரித் தாதி, ஒருவர் ஆய்வுகூடத்தில், ஒருவர் கொம்மூன அலுவலகத்தில், ஒருவர் பாலர் பாடசாலையில். மோர்டென்ஸ்ரூட் ஸ்டேஷனில் இறங்கி மெட்ரோ மாறிப் போகிற இவர்களில் பலர் பத்து, பதினைந்து வருஷமாக ஒரே வேலையிடத்தில் இருக்கிறார்கள். வேலை தெரியும், மொழி தெரியும், எந்த நோயாளிக்கு எது வேணும் என்று மேலாளருக்கு முதலே தெரியும். ஆனால் அந்தப் பிரிவுக்குத் தலைவர் வேணும் என்று விளம்பரம் வந்தால் விண்ணப்பிக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் போகட்டும், பிள்ளைகள் வளரட்டும், நோர்ஸ்க் இன்னும் திருத்தமாக வரட்டும் என்று சொல்லிவிடுவார்கள். இங்கேயே பிறந்து பியோர்ன்ஹோல்ட் பாடசாலையில் படிச்ச பிள்ளைகளுக்கு நோர்ஸ்க் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனாலும் அவர்களும் வேறு காரணம் சொல்லுவினம்.

இதில் எங்களுக்கு இரட்டைச் சுமை. நீ மற்றவரைவிடப் பெரிய ஆள் என்று நினைக்காதே என்கிற யாந்தெலோவன் நோர்வே தந்தது. பெண்பிள்ளை அடக்கமாக இருக்கவேணும் என்பது நாங்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒரு கெட்டிக்காரப் பெண்ணை வாய் திறக்காமல் இருபது வருஷம் இருத்திவைக்கலாம்.

இதுக்கு மருந்தாக இப்போது தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புகள் வந்திருக்கின்றன. கண்ணாடிக்கு முன் நிமிர்ந்து நில், குரலை உயர்த்து, முதலில் உன்னை நம்பு, பிறகு பதவிக்குப் போ. போறவர்கள் போகட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம்பிக்கை முதலில் வந்து, அதுக்குப் பிறகு கதிரையில் போய் இருந்தவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்த பெரிய வாழ்க்கைகளில் அது பெரும்பாலும் தலைகீழாகவே நடந்திருக்கிறது. அப்படி ஒரு வாழ்க்கை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியுடையது. பெயர் பலருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான அரசாங்க உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவர் எவ்வளவு தயங்கித் தயங்கி மேலே போனவர் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

1886 ஜூலை 30இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். தகப்பன் நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகம், அதாவது தேவதாசி மரபில் வந்த குடும்பம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கலப்புக்குப் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. தகப்பன் பக்கத்துச் சொந்தங்கள் ஒதுக்கிவைத்தன. தாய் பக்கத்துக்கு ஒட்டியிருந்த பெயரோ வேறு. வளர்ந்து மேடையேறிய பிறகும், எதிர்த்தவர்கள் தொட்டுப் பார்க்கக்கூடிய காயம் அது என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

உடம்பும் பெலமில்லை, கண்ணும் கிட்டப்பார்வை. பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடம் நின்றது, வீட்டில் வைத்தே தகப்பன் படிப்பித்தார். தாய்க்கு மகளைக் காலத்தோடு கட்டிக்கொடுக்க வேணும் என்ற கவலை. மகள் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணினார். அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் படிக்கிற மகாராஜா கல்லூரி ஒன்றுதான். பெண்பிள்ளையைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு எழும்பியது. எங்கட பிள்ளைகளை நிப்பாட்டிப்போடுவம் என்று பெற்றோர் மிரட்டினார்கள். அப்போதைய மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். மூடிய வண்டியில் போய், பையன்களின் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் இருந்து படித்தார் என்று சொல்வார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேணும். தன்னம்பிக்கை என்ற சொல்லில் தன் என்பது இருப்பதால் அது தனக்குள்ளேயே ஊறி வருகிற ஊற்று என்று நினைத்துக்கொள்கிறோம். முத்துலட்சுமியின் கதையில் முதல் நம்பிக்கை வெளியிலிருந்துதான் வந்தது. தகப்பன் நம்பினார், மன்னர் நம்பினார். திரைக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்குத் தன்னில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, படிப்பை விடவில்லை. அவ்வளவுதான்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. பெண்களைச் சேர்ப்பதில் அந்தக் கல்லூரி முன்னோடி. 1875இலேயே மேரி ஷார்லீப் போன்ற ஆங்கிலேயப் பெண்களுக்கு அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் இந்தியப் பெண்கள் அங்கே அபூர்வம். அறுவைச் சிகிச்சை வகுப்புக்குள் பெண்களை விடாத ஒரு ஆங்கிலேயப் பேராசிரியர், இந்தப் பெண் அந்தப் பாடத்திலேயே முதலாவதாக வந்ததைப் பார்த்த பிறகு மனம் மாறினாராம். 1912இல் பரிசுகளும் பதக்கங்களுமாகப் பட்டம் பெற்று வெளியில் வந்தார். எழும்பூர் அரசு மகப்பேற்று ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்த முதல் பெண் அவர்.

1912 என்ற ஆண்டை நோர்வேயில் இருக்கிற நாங்கள் இன்னொரு காரணத்துக்காகவும் ஞாபகம் வைக்கலாம். பெண்கள் பெரும்பாலான அரச பதவிகளில் இருக்கலாம் என்று இங்கே சட்டம் வந்தது அந்த ஆண்டில்தான். அதுக்கு முதல் 1882இல் செசிலியெ தோரெசன் என்ற பெண்ணின் விடாப்பிடியால் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. 1893இல் மரீ ஸ்போங்பெர்க் நாட்டின் முதல் பெண் மருத்துவரானார். 1911இல் ஆன்னா ரோக்ஸ்டா என்ற ஆசிரியை பதிலாளாக ஸ்தூர்திங்குக்குள் கால்வைத்தார். நாட்டின் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை 1913இல். நோர்வே என்றால் ஆதியிலிருந்தே சமத்துவ நாடு என்று எங்கட பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. புதுக்கோட்டைப் பிள்ளை திரைக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒஸ்லோப் பெண்ணும் மூடிய கதவுகளைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒஸ்லோவுக்கு கிறிஸ்தியானியா என்று பெயர்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார். தன்னைச் சமமாக நடத்தவேணும், தன் விருப்பங்களில் குறுக்கிடக்கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை பேசிச் செய்த கலியாணம். இன்றைக்கும் எங்கட கலியாணப் பேச்சுகளில் வீடு, நகை, மண்டபம் எல்லாம் பேசுவம், இதைப் பேசமாட்டம். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். சொந்தமாக வைத்தியம் பார்த்து நல்ல பெயர். நடுவில் ஒரு பெரிய இழப்பு: தங்கை புற்றுநோயில் செத்துப்போனார். நோய் என்னவென்று கண்டுபிடிக்கவே பிந்திவிட்டது. வீட்டில் ஒரு டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன அந்தச் சாவு அவருடைய கடைசிக் காலம் வரை கூடவே வந்தது. அதுக்குப் பிறகு வருகிறேன்.

1925இல் அரசாங்க உதவித்தொகையில் லண்டன் போய் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி. 1926இல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்கள் சார்பில் பங்குபற்றினார். திரும்பி வந்தபோது மதராஸில் அரசியல் காற்று மாறியிருந்தது. மதராஸ் மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது, 1926இல் சட்டசபைக்குப் போகலாம் என்றும் ஆயிற்று. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று மிகச் சொற்ப வாக்கில் தோற்றார். தேர்தலில் வர முடியாவிட்டால் நியமனத்திலாவது ஒரு பெண் உள்ளே போகவேணும் என்று அடையாரில் இருந்த இந்திய மாதர் சங்கம் முயற்சி எடுத்தது. அவர்கள் சொன்ன பெயர்தான் முத்துலட்சுமி.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. நாற்பது வயது, நல்ல தொழில், நோயாளிகள், பிள்ளைகள். சட்டசபை என்றால் அவருக்குத் தெரியாத உலகம். அங்கே என்ன பேசுவது, எப்படித் தீர்மானம் கொண்டுவருவது என்று ஒன்றும் தெரியாது. வைத்தியத்தை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்யப்போகிறேன் என்ற தயக்கம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. சட்டசபை அனுபவத்தைப் பற்றிப் பிறகு எழுதிய ஆங்கிலப் புத்தகத்தில் அதை அவர் மறைக்கவும் இல்லை. பியோர்ண்டால் பஸ்ஸில் போகிற எங்கட பெண்கள் சொல்லுகிற அதே காரணங்கள்தான், நூறு வருஷத்துக்கு முதல்.

என்ன வித்தியாசம் என்றால், தயக்கம் தீரும்வரை அவர் காத்திருக்கவில்லை. சங்கத்துப் பெண்கள் விடவுமில்லை. தயக்கத்தையும் சேர்த்துக் கொண்டே போனார். போன வேகத்தில், 1927இல், சபையின் துணைத் தலைவராக ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர், வந்தவுடனேயே தலைவரின் கதிரையில் இருந்து சபையை நடத்தவும் வேண்டிவந்தது. உலகத்திலேயே இப்படிப்பட்ட பதவிக்கு வந்த முதல் பெண் என்றும் எழுதுவார்கள், அந்தப் போட்டிக்குள் நான் போகவில்லை. அந்தச் சபைக்கு இருந்த அதிகாரமும் கொஞ்சம்தான், கடைசி முடிவு வெள்ளைக்கார கவர்னர் கையில். ஆனாலும் ஒரு ஒப்பீடு சொல்லலாம். ஸ்தூர்திங்கின் தலைவர் பதவிக்கு முதன்முதலாக ஒரு பெண், ஷிர்ஸ்தி கொல்லெ க்ரொண்டால், வந்தது 1993இல்.

சரி, பழக்கமில்லாத ஆள் அந்தச் சபையில் எப்படித் தாக்குப்பிடித்தார்? எனக்கு இதுதான் அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான பக்கம். அவர் அரசியல்வாதிபோலப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. டாக்டராகவே பேசினார். சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, உடம்பு முற்றாத வயதில் பிள்ளை பெற வந்து மேசையில் துடித்த பிள்ளைகளை அவர் கண்ணால் கண்டவர். ஆகவே பால்ய விவாகத்தைப் பற்றி 1928இல் தீர்மானம் கொண்டுவந்தபோது, பெண்ணுக்குக் குறைந்தது 16 வயது, ஆணுக்கு 21 என்று கேட்டபோது, சாஸ்திரம் தெரிந்தவர்கள் சாஸ்திரம் பேசினார்கள், அவர் கர்ப்பப்பையைப் பற்றிப் பேசினார். அதில் அவரோடு வாதாட அந்தச் சபையில் ஆள் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரி வசதி, பெண் கல்வி என்று அவர் எடுத்த எல்லாமே தன் தொழில் வழியாகத் தனக்கு நேரில் தெரிந்தவை. தெரியாத வீட்டுக்குள் போனாலும், தெரிந்த வாசலால் போனார்.

எங்கட தாதிமாருக்கு நான் இதைத்தான் சொல்லுவன். பிரிவுத் தலைவர் வேலை என்றால் புதிய மொழி பேசவேணும், வேறு ஆளாக மாறவேணும் என்று நினைக்கிறீர்கள். இரவு வேலையில் ஆள் பத்தாமல் போனால் எந்தக் கட்டிலில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கூட்டத்தில் இருக்கிற வேறு யாருக்குத் தெரியும்?

தேவதாசி முறைக்கு வருவம். 1927இல் கோயிலுக்குப் பெண்பிள்ளைகளைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கவேணும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது, மானிய நிலம் வைத்திருந்த பெண்கள் கோயில் சேவை செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று. பொட்டுக்கட்டுவதையே தடுக்கிற மசோதாவை 1930இல் முன்வைத்தார். சத்தியமூர்த்தி போன்ற பெரிய காங்கிரஸ் தலைவர்கள் எதிர்த்தார்கள். காந்தி ஆதரித்தார். சபைக்கு வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் இதே முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார்கள். இந்தக் காரியத்தில் முத்துலட்சுமி தன் தாயின் மரபைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது. எந்தக் காயத்தை மூடிமறைத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாமோ, அதைத் தூக்கி ஆண்கள் நிறைந்த சபையின் நடுவில் வைத்தார்.

ஆனால் கதையை ஒருபக்கமாகச் சொல்லக்கூடாது. தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினர், பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட, இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கட தொழிலையும் சொத்துரிமையையும் கலையையும் ஒரேயடியாகத் துடைக்கிறீர்கள் என்பது அவர்களுடைய வாதம். 1932இல் சதிர் ஆட்டத்தைப் பற்றி ஈ. கிருஷ்ண ஐயரும் முத்துலட்சுமியும் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள். அந்தச் சதிர்தான் பிறகு பரதநாட்டியமாகி, வேறு குடும்பங்களின் மேடைக்கு ஏறி, இன்றைக்கு ஒஸ்லோவில் மண்டபம் எடுத்து எங்கட பிள்ளைகளுக்கு அரங்கேற்றம் செய்கிற அளவுக்கு வந்திருக்கிறது. அதைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பெண்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். முத்துலட்சுமி இதில் சரியா பிழையா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளைப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தியது சரி, மற்றப் பெண்களின் குரலை இன்னும் கேட்டிருக்கலாம். தலைமைக்கு வந்த ஒரு பெண் எல்லாப் பெண்களுக்காகவும் பேசுகிறேன் என்று சொல்லும்போது யாரோ ஒருத்தி விடுபட்டுப் போகிறாள். இங்கே ஒஸ்லோவிலும் அதைப் பார்க்கிறம்.

1930 மேயில் காந்தி கைது செய்யப்பட்டார். முத்துலட்சுமி பதவியை ராஜினாமா செய்தார். துணைத் தலைவர் கதிரை, பாதியில் நிற்கிற மசோதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். அந்த மசோதா சட்டமாவதற்கு 1947 வரை, 17 வருஷம் எடுத்தது. உள்ளே இருந்திருந்தால் முந்தி முடித்திருக்கலாமோ என்று எனக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. அவருக்கும் இருந்திருக்கும்.

வெளியில் வந்தவர் சும்மா இருக்கவில்லை. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகள் மூன்று பேர் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். விடுதிகள் எதுவும் அவர்களைச் சேர்க்கத் தயாரில்லை. சாதி கேட்டார்கள், பிறப்பைக் கேட்டார்கள். தன்வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம், பிறகு அடையாறில் வளர்ந்து பெரிய நிறுவனமாயிற்று. சபையில் சட்டமாகக் கேட்டதை வீட்டில் சாப்பாடாகவும் படுக்கையாகவும் கொடுக்கத் தொடங்கினார் என்று சொல்லலாம். தெரிவான தலைவர், நியமனத் தலைவர் என்பதெல்லாம் போன பிறகும் ஆட்கள் அவரிடம்தான் வந்தார்கள் என்பதைக் கவனிக்கவேணும்.

இனி அந்தத் தங்கையின் சாவு. லண்டனில் இருந்த காலத்தில் அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். எங்கட ஊரில் இப்படி ஒன்று வேணும் என்ற எண்ணம் அப்போதே விழுந்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் அதைப் பகிரங்கமாகக் கேட்டார். ஒருவரும் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதுக்கு எதுக்குத் தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அந்தக் காலத்து மனநிலை, அரசாங்கத்திலும் அப்படித்தான். 1949இல் மாதர் சங்கத்தின் மூலம் நிதி சேர்க்கத் தொடங்கினார். அறுபதைத் தாண்டிய வயதில் வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாகக் காசு கேட்டுப் போனவர் ஒருகாலத்தில் சபையை நடத்தியவர். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் மருத்துவம் படித்துவிட்டு வந்து துணைக்கு நின்றார்.

1952 அக்டோபரில் நேரு அடிக்கல் வைத்தார். 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 கட்டிலோடு, சின்னக் குடில் மாதிரியான இடத்தில், வேலை தொடங்கியது. 1935இலிருந்து எண்ணினால் 19 வருஷம். இந்த 19 வருஷத்தில் அவர் எத்தனை தரம் இல்லை என்ற பதிலைக் கேட்டிருப்பார். விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்தால் இனி வேணாம் என்று இருந்துவிடுகிற எங்களுக்கு அந்த எண்ணிக்கை கொஞ்சம் உறைக்கும்.

1956இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1968 ஜூலை 22இல், 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது, சென்னையில் காலமானார். நோர்வேயில் நாங்கள் வேறொரு துயரத்துக்காக நினைக்கிற திகதி அது. அந்த ஊத்தொயா தீவிலிருந்து உயிர் தப்பிய கம்ஷாஜினி குணரட்ணம் என்ற எங்கட பிள்ளை 2015இல் ஒஸ்லோவின் துணை மேயராகி, 2021இல் ஸ்தூர்திங்குக்கும் போனதை நீங்கள் அறிவீர்கள். மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை. இதைப் பெருமையாகச் சொல்லுகிற எங்கட அப்பாமார் பலர், தங்கட மகள் வேலையிடத்தில் ஒரு சின்னப் பொறுப்பு எடுக்கட்டுமா என்று கேட்டால் இரவு வேலை, பயணம், கலியாணம் என்று இழுப்பினம். நாராயணசாமி ஐயர் 1900களின் தொடக்கத்தில் எடுத்த முடிவை 2020களில் எடுக்கத் தயங்குகிறம்.

அடையாறு மருத்துவமனை தொடங்கிய அடுத்த வருஷம், 1955இல், சாந்தா என்ற இளம் பெண் டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். அரசாங்கத்தின் மகளிர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது, அதை வேணாம் என்றுவிட்டு அந்த 12 கட்டில் குடிலுக்கு வந்தார். வீட்டிலும் தெரிந்தவர்களும் இது என்ன பைத்தியக்கார வேலை என்று நினைத்தார்கள். முத்துலட்சுமி அவருக்கு இடம் கொடுத்தார், கிருஷ்ணமூர்த்தி வேலை பழக்கினார். பிறகு அந்த மருத்துவமனையை நடத்துகிற பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2005இல் மக்சேசே விருது கிடைத்தது. 2021 ஜனவரியில், 93 வயதில் சாகும்வரை சாந்தா அந்த வளாகத்திலேயே குடியிருந்தார்.